கோட்டுக்கு வெளியே நிற்பவர்

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ ஏதாவது ஒரு பள்ளி மைதானம். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குள் போய்விட வேண்டும், வெயில் ஏறிவிட்டால் ஆட்டம் முடிந்துவிடும். வலை இல்லாத கோல் கம்பம், பாதி புல், பாதி செம்மண். வலது ஓரத்தில் ஆடும் பையனை மட்டும் பத்து நிமிடம் கவனித்தால் போதும். பந்து அவன் காலுக்கு வருகிறது. முன்னால் பதினைந்து அடிக்கு ஆளே இல்லை. ஆனால் அவன் கண் போவது கோட்டுக்கு வெளியே, கழுத்தில் விசில் தொங்க நிற்கும் பி.டி. சாரின் முகத்துக்கு. அரை நொடிதான். அதற்குள் எதிரணிப் பையன் காலை நீட்டிப் பந்தைத் தட்டிக்கொண்டு போய்விடுகிறான்.

"டேய், எத்தனை வாட்டிடா சொல்றது உனக்கு!"

அடுத்த முறை பந்து வரும்போது அந்த அரை நொடி முக்கால் நொடியாகும்.

பழகிய வேலையைச் செய்யும்போது மூளை அதைத் தனித்தனியாக யோசிப்பதில்லை. சைக்கிள் மிதிப்பவர் எந்தக் கால் மேலே, எந்தக் கால் கீழே என்று பார்ப்பதில்லை. பார்க்க ஆரம்பித்தால் தடுமாறுவார். அழுத்தத்தில் நடப்பது இதுதான். தப்பு செய்துவிடக் கூடாது என்ற பயத்தில், தானாக ஓடிக்கொண்டிருந்த ஒரு செயலை ஆட்டக்காரர் தானே மேற்பார்வை பார்க்கத் தொடங்குகிறார். கோல்ஃப் பந்தைக் குழிக்குள் தட்டுபவர்களை வைத்து சியான் பெய்லாக்கும் தாமஸ் காரும் 2001இல் வெளியிட்ட ஆய்வு இதை நன்றாகவே காட்டியது. கால்பந்தில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. மேற்பார்வை பார்ப்பது தானும், கோட்டுக்கு வெளியே நிற்கும் சாரும் என இரண்டு பேர்.

அடியாத மாடு படியாது என்பது நம்மூரில் பல பயிற்சியாளர்களின் முழுப் பாடத்திட்டம். அவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. அவர்களுடைய அனுபவமே அதைத்தான் சொல்லித் தருகிறது. பின்னாளில் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற டேனியல் கானமன், இஸ்ரேல் விமானப் படைப் பயிற்றுநர்களுக்கு வகுப்பெடுத்தபோது நடந்ததை எழுதியிருக்கிறார். தண்டனையைவிடப் பாராட்டுதான் கற்றலுக்கு உதவும் என்று அவர் சொன்னதும், அனுபவஸ்தர் ஒருவர் எழுந்து மறுத்தாராம். நன்றாக ஓட்டியவனைப் பாராட்டினால் அடுத்த முறை சொதப்புகிறான், சொதப்பியவனைத் திட்டினால் அடுத்த முறை நன்றாக ஓட்டுகிறான், இது கண்ணால் பார்த்த உண்மை என்று.

அவர் பார்த்தது உண்மைதான். காரணம்தான் வேறு. யாருடைய ஆட்டமும் ஒரு சராசரியைச் சுற்றி மேலும் கீழும் ஆடிக்கொண்டிருக்கும். ரொம்பவும் மோசமான நாளுக்கு அடுத்த நாள், ஒன்றும் செய்யாவிட்டாலும் கொஞ்சம் தேறும். ரொம்பவும் நல்ல நாளுக்கு அடுத்த நாள் கொஞ்சம் இறங்கும். புள்ளியியலில் இதற்குச் சராசரிக்குத் திரும்புதல் என்று பெயர். மோசமான நாளில் திட்டுகிறோம், மறுநாள் தேறுகிறது. உடனே திட்டியதால்தான் என்று முடிவு கட்டிவிடுகிறோம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.

இந்தக் கதையைத் தமிழ்நாட்டின் கால்பந்துக் கணக்கு ஒன்றோடு வைத்துப் பார்க்கலாம்.

சென்னையின் எஃப்.சி. 2018 மார்ச் 17 அன்று பெங்களூரில், பெங்களூரு அணியை 3-2 என வென்று இந்தியன் சூப்பர் லீக் கோப்பையைத் தூக்கியது. பயிற்சியாளர் இங்கிலாந்துக்காரர் ஜான் கிரிகரி. அடுத்த பருவத்திலும் அவரேதான். அந்த அணி 18 ஆட்டங்களில் 9 புள்ளி மட்டும் எடுத்துப் பட்டியலின் கடைசி இடத்துக்குப் போனது. ஒரே மனிதர், ஒரே குரல், ஏறக்குறைய ஒரே விதமான பேச்சு. ஒரு வருடம் கோப்பை, மறு வருடம் கடைசி இடம். பயிற்சியாளரின் பாணிதான் எல்லாம் என்று சொல்பவர்கள் இந்த இரண்டு வருடத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேச வேண்டும்.

மூன்றாவது பருவத்தில்தான் விஷயம் சூடு பிடித்தது. 2019-20இன் முதல் நான்கு ஆட்டங்களில் சென்னை ஒரு கோல்கூட அடிக்கவில்லை. கோவாவிடம் 0-3, மும்பையோடு 0-0, ஏ.டி.கே.யிடம் 0-1, பெங்களூரிடம் 0-3. ஐந்தாவது ஆட்டம் ஹைதராபாத்தோடு. தொண்ணூறு நிமிடம் முடிந்தும் கோல் இல்லை. காயங்களுக்கான கூடுதல் நேரத்தில் சென்னை ஒன்று அடிக்க, ஹைதராபாத் திருப்பி ஒன்று அடிக்க, லிதுவேனியாவின் நெரியஸ் வால்ஸ்கிஸ் இன்னொன்று அடித்து 2-1 ஆனது. மூன்று கோலும் அந்தச் சில நிமிடங்களுக்குள். அடுத்து ஒடிசாவோடு 2-2. ஆறு ஆட்டத்தில் 5 புள்ளி, 4 கோல். கிரிகரி விலகினார். டிசம்பர் தொடக்கத்தில் ஸ்காட்லாந்துக்காரர் ஓவன் காயில் வந்து சேர்ந்தார்.

அவருக்குக் கீழ் மீதமிருந்த 12 லீக் ஆட்டங்களில் 24 புள்ளி, 28 கோல். அணி நான்காவது இடம் பிடித்து அரையிறுதிக்குப் போனது. கோவாவை இரண்டு ஆட்டங்களின் கூட்டுக் கணக்கில் 6-5 என்று தாண்டி இறுதிப் போட்டிக்கும் போனது. வால்ஸ்கிஸ், ரஃபேல் கிரிவெல்லாரோ, அனிருத் தாபா, லாலியன்சுவாலா சாங்தே என முன்னால் ஆடியவர்கள் பெரும்பாலும் கிரிகரி காலத்து ஆட்களேதான். புது மனிதர் வந்தார், தன்னம்பிக்கை திரும்பியது என்று நாளிதழ்கள் எழுதின. ரசிகர்களும் அப்படியே பேசிக்கொண்டார்கள்.

பனம்பழக் கேள்வியை இங்கே கேட்காமல் விடக் கூடாது. நான்கு ஆட்டத்தில் ஒரு கோல்கூட இல்லாத அணி அடுத்து எப்படியும் சில கோல் அடிக்கத்தான் செய்யும். கிரிகரியின் கடைசி இரண்டு ஆட்டங்களிலேயே நான்கு கோல் வந்துவிட்டது. நெதர்லாந்தின் பொருளியலாளர் பாஸ் டெர் வீல், அந்நாட்டு முதல்நிலை லீக்கின் 1986 முதல் 2004 வரையிலான கணக்கை எடுத்து இதைத்தான் சோதித்தார். பயிற்சியாளரை நீக்கிய அணிகள் தேறின. அதே அளவு சரிந்தும் பயிற்சியாளரை நீக்காத அணிகளும் தேறின. ஆளை மாற்றியதால் தனியாகப் பலன் கிடைத்ததாகத் தெரியவில்லை.

அப்படியானால் காயில் ஒன்றும் செய்யவில்லையா? அவருடைய ஆட்டங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு சுவாரசியம் தெரிகிறது. முதல் நான்கில் ஒரு வெற்றி, ஒரு டிரா, இரண்டு தோல்வி. கோவாவிடம் 3-4, ஒடிசாவிடம் 0-2. அதற்கப்புறம் வந்த எட்டு லீக் ஆட்டங்களில் ஆறு வெற்றி, இரண்டு டிரா, தோல்வியே இல்லை. புது முகத்தைப் பார்த்த உற்சாகம் என்றால் முதல் வாரத்திலேயே பொங்கி அப்புறம் அடங்கியிருக்க வேண்டும். இங்கே ஒரு மாதம் கழித்துத்தான் ஏறியது. மந்திரம் போட்டதுபோல் இல்லை, எதையோ கற்றுக்கொண்டதுபோல் இருக்கிறது. வெறும் 12 ஆட்டத்தை வைத்து அடித்துச் சொல்லிவிட முடியாதுதான். ஆனால் தன்னம்பிக்கை பற்றி உளவியல் சொல்வதோடு இது ஒத்துப்போகிறது.

என்னால் முடியும் என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று 1977இல் ஆல்பர்ட் பண்டூரா ஒரு புகழ்பெற்ற கட்டுரையில் நான்கு ஊற்றுகளைச் சொன்னார். தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்கம், உடம்பின் நிலை. கடைசியாகச் சொன்னது படபடப்பு, களைப்பு போன்றவை. இந்த நான்கில் வலுவானது முதலாவது. வாய்வார்த்தை அதற்குப் பக்கத்தில்கூட வராது. உன்னால் முடியும் என்று நூறு தடவை சொன்னாலும், பையன் களத்தில் போய் மூன்று முறை பந்தைப் பறிகொடுத்தால் அவன் நம்பப்போவது அந்த மூன்றைத்தான். இடைவேளைப் பேச்சில் அணியைத் தலைகீழாக மாற்றுவது சினிமாவில் நன்றாக இருக்கும். நிஜத்தில் பயிற்சியாளர் செய்யக்கூடிய பெரிய உதவி, ஆட்டக்காரருக்குச் சின்னச் சின்ன வெற்றிகள் கிடைக்கும்படி வேலையைப் பிரித்துக் கொடுப்பது. ஓடத் தெரிந்தவனுக்கு ஓட இடம், ஹெட்டர் தெரிந்தவனுக்குத் தலைக்குப் பந்து.

இந்தியப் பயிற்சியாளர் சையது அப்துல் ரஹீம் இதை 1962லேயே செய்து காட்டினார். ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டி. இந்திய அணியின் பின்வரிசைத் தூண் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தது. ரஹீம் அவரை உட்கார வைக்கவில்லை, பின்வரிசையிலும் விடவில்லை. முன்வரிசைக்குத் தள்ளினார். ஜர்னைல் அரையிறுதியில் ஒரு கோல், இறுதிப் போட்டியில் ஒரு கோல். தென்கொரியாவை 2-1 என்று வென்று இந்தியா தங்கம் வாங்கியது. புற்றுநோயோடு அந்த அணியை நடத்திய ரஹீம் மறு ஆண்டே இறந்துபோனார். நம்பிக்கையை அவர் பேசிக் காட்டியதைவிட, ஆட்டக்காரர் பட்டியலில் எழுதிக் காட்டியதுதான் பெரிது.

சரி, கண்டிப்பானவர் நல்லவரா, கனிவானவர் நல்லவரா? இந்தக் கேள்வியையே மாற்றிப் போட்டவர் ஒரு தமிழர். பாக்கியநாதன் செல்லதுரை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர், பிறகு கனடா போனார். 1978இல் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் அவர் சமர்ப்பித்த முனைவர் பட்ட ஆய்வு விளையாட்டில் தலைமை பற்றியது. பின்னாளில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். உலகம் முழுக்க விளையாட்டு உளவியல் மாணவர்கள் படிக்கும் பெயர் இது. தமிழில் அந்தப் பெயரைக் கேட்டால் எந்த ஊர்க்காரர் என்று விசாரிப்பார்கள்.

செல்லதுரை 1980இல் சக ஆய்வாளர் சாலேயுடன் சேர்ந்து ஒரு வினாத்தாள் தயாரித்தார். நாற்பது வாக்கியங்கள். அவை பயிற்சியாளரை ஐந்து அளவுகோல்களில் நிறுத்துகின்றன: ஆட்டத்தைச் சொல்லித் தருகிறாரா, முடிவெடுக்கும்போது ஆட்டக்காரர்களைக் கேட்கிறாரா, தானே முடிவெடுத்துத் திணிக்கிறாரா, வீட்டு நல்லது கெட்டதை விசாரிக்கிறாரா, நன்றாகச் செய்தால் வாய்விட்டுச் சொல்கிறாரா. வேடிக்கை என்னவென்றால் ஒரே வினாத்தாளை மூன்று விதமாகக் கேட்கலாம். உனக்கு எப்படிப்பட்டவர் வேண்டும், உன் பயிற்சியாளர் எப்படி இருக்கிறார் என்று ஆட்டக்காரரிடம் இரண்டு முறை. நீங்கள் எப்படி நடந்துகொள்கிறீர்கள் என்று பயிற்சியாளரிடம் ஒரு முறை. தன்னைத் தங்கமான மனிதர் என்று பயிற்சியாளர் குறித்துக் கொடுத்திருப்பார், பையன்கள் வேறு மாதிரி குறித்திருப்பார்கள்.

அவருடைய கோட்பாட்டின் சாரம் எளிமையானது. சூழ்நிலை கேட்கும் நடத்தை ஒன்று, ஆட்டக்காரர்கள் விரும்பும் நடத்தை ஒன்று, பயிற்சியாளர் உண்மையில் செய்வது ஒன்று. மூன்றும் எந்த அளவுக்கு ஒத்துப்போகின்றனவோ அந்த அளவுக்கு அணியின் ஆட்டமும் திருப்தியும் உயரும். கிரிகரியின் கோப்பையையும் கடைசி இடத்தையும் இந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் முரண் அவ்வளவு உறுத்துவதில்லை. ஒரு அணிக்குச் சரியாகப் பொருந்திய சட்டை, அணி மாறியதும் தொளதொளத்துப் போகலாம்.

ஊருக்கு ஊர் விருப்பமும் மாறும். ஜப்பானியப் பல்கலைக்கழக ஆட்டக்காரர்களையும் கனடியர்களையும் செல்லதுரை குழு 1980களில் ஒப்பிட்டது. ஜப்பானியர்கள் அதிகாரமாக நடத்துவதையும் அதோடு அக்கறையாக விசாரிப்பதையும் கூடுதலாக விரும்பினார்கள். கனடியர்களுக்கு ஆட்ட நுணுக்கம் சொல்லித் தருவதுதான் முக்கியமாக இருந்தது. விழுப்புரத்துக்காரர் இதைப் படித்தால் ஜப்பான் பக்கம்தான் தலையாட்டுவார். பள்ளிக்கூடத்தில் பிரம்போடு நின்ற அதே பி.டி. சார்தான், கையை உடைத்துக்கொண்ட பையனை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், ராத்திரி வரை கூடவே உட்கார்ந்திருந்தவரும். இருபது வருடம் கழித்து அந்தப் பையன் அவர் காலில் விழுவது பிரம்புக்காக அல்ல என்பதை இருவரும் கொஞ்சம் மறந்திருப்பார்கள்.

கோபத்துக்கும் ஒரு அளவு உண்டு என்று காட்டிய ஆய்வும் இருக்கிறது. பாரி ஸ்டாவும் அவருடைய சக ஆய்வாளர்களும் வட கலிஃபோர்னியாவில் பள்ளி, கல்லூரிக் கூடைப்பந்து அணிகள் 23இன் இடைவேளைப் பேச்சுகள் 304ஐப் பதிவு செய்து, 2019இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பயிற்சியாளர் ஓரளவு கடுகடுத்தபோது இரண்டாம் பாதி ஆட்டம் கூடியது. கடுகடுப்பு ஒரு எல்லையைத் தாண்டியதும் அதே கோடு கீழே சரிந்தது. ரசத்துக்கு மிளகு போடுகிற மாதிரி. மிளகே வேண்டாம் என்பவருக்கும் இதில் பதில் இருக்கிறது, டப்பாவைக் கவிழ்ப்பவருக்கும் இருக்கிறது.

சின்னப் பிள்ளைகள் விஷயத்தில் கணக்கு வேறு. ரொனால்ட் ஸ்மித், ஃபிராங்க் ஸ்மோல் இருவரும் அமெரிக்காவின் சியாட்டிலில் சிறுவர் பேஸ்பால் பயிற்சியாளர்கள் சிலருக்குச் சில மணி நேர வகுப்பு எடுத்தார்கள். நல்ல முயற்சியை அப்போதே பாராட்டு, தப்பு செய்தால் முதலில் தட்டிக்கொடு, பிறகு எப்படிச் செய்வது என்று காட்டு, அவ்வளவுதான் பாடம். அந்த அணிகள் மற்ற அணிகளைவிட அதிகம் ஜெயித்துவிடவில்லை. ஆனால் வகுப்புக்குப் போகாத பயிற்சியாளர்களின் பிள்ளைகளில் 26 சதவீதம் பேர் மறு வருடம் விளையாட வரவில்லை. வகுப்புக்குப் போனவர்களின் பிள்ளைகளில் வராமல் போனது 5 சதவீதம். தன்மேல் மதிப்பு குறைந்த பிள்ளைகளுக்குத்தான் பலன் அதிகம்.

விழுப்புரம் மாதிரி ஊரில் இந்த 26க்கும் 5க்கும் உள்ள தூரம் கோப்பையைவிடப் பெரியது. பத்தாம் வகுப்பு வந்தாலே விளையாட்டை நிறுத்தச் சொல்லும் வீடுகள் நிறைய. பெண் பிள்ளை என்றால் அதற்கும் முன்பே. இந்த ஊர்களெல்லாம் 1993 செப்டம்பர் வரை பழைய தென்னாற்காடு மாவட்டம். அதன் தலைநகராக இருந்த கடலூரில் வளர்ந்தவர்தான் இந்திய மகளிர் அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசன், காவல்துறையில் உதவி ஆய்வாளராகவும் ஆனவர். 2018 பிப்ரவரியில் கோலாப்பூரில் நடந்த தேசிய மகளிர் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டியில் தமிழ்நாடு மணிப்பூரை 2-1 என்று வென்று முதல் முறையாகக் கோப்பையை வாங்கியது. மணிப்பூர் அதுவரை அந்தக் கோப்பையைத் தன் வீட்டுச் சொத்துபோல் வைத்திருந்த அணி. 2023இல் அமிர்தசரஸில் ஹரியாணாவை அதே 2-1 கணக்கில் வென்று தமிழ்நாடு இரண்டாவது கோப்பையையும் வாங்கியது. பண்டூரா சொன்ன இரண்டாவது ஊற்று இதுதான். தொலைக்காட்சியில் தெரியும் வெளிநாட்டு நட்சத்திரத்தைவிட, பக்கத்து ஊர் பஸ்ஸில் வந்து போன ஒரு அக்கா ஜெயித்தது திண்டிவனத்துப் பிள்ளைக்கு நெருக்கமான சான்று.

காயில் கதைக்கு ஒரு பின்பகுதி உண்டு. 2020 மார்ச் 14, கோவாவின் ஃபட்டோர்டா மைதானம். கொரோனா அச்சத்தால் பார்வையாளரே இல்லாத இறுதிப் போட்டியில் சென்னை 1-3 என்று ஏ.டி.கே.யிடம் தோற்றது. அந்தப் பருவம் முடிந்ததும் அவர் ஜாம்ஷெட்பூர் அணிக்குப் போனார். முதல் வருடம் ஆறாவது இடம், இரண்டாம் வருடம் லீக் கேடயம். 2023இல் சென்னைக்கே திரும்பி வந்தார். அதே மனிதர், அதே நேரு ஸ்டேடியம், அதே ஆரவாரம். 2023-24இல் ஆறாவது இடம், 2024-25இல் பதினோராவது. செல்லதுரை இதைப் பார்த்தால் வியப்படைய மாட்டார்.

தலைவர் பக்கத்தில் இல்லாதபோது என்ன ஆகும்? அமெரிக்காவின் ஐயோவாவில் 1930களின் இறுதியில் உளவியலாளர் கர்ட் லெவினின் குழு ஒரு சோதனை செய்து பார்த்தது. பத்து வயதுச் சிறுவர்களைச் சிறு சங்கங்களாகப் பிரித்து முகமூடி செய்யச் சொன்னார்கள். சில சங்கங்களில் தலைவர் அதிகாரமாக, சிலவற்றில் கலந்து பேசி, சிலவற்றில் கண்டுகொள்ளாமல். அதிகாரத் தலைவர் இருந்த அறையில் வேலை மும்முரமாக நடந்தது. அவர் வெளியே போனதும் படுத்துவிட்டது. கலந்து பேசும் தலைவர் போனபோது பெரிய வித்தியாசமில்லை, பையன்கள் பாட்டுக்கு ஒட்டிக்கொண்டிருந்தார்கள். கால்பந்தில் இது முக்கியம். கிரிக்கெட்டில் நடுவில் ஆள் அனுப்பித் தகவல் சொல்லலாம், கூடைப்பந்தில் டைம்அவுட் கேட்கலாம். கால்பந்தில் 45 நிமிடம் பந்து ஓடிக்கொண்டே இருக்கும், அறையைவிட்டுப் போன அந்தத் தலைவர்போலத்தான் பயிற்சியாளர் கோட்டுக்கு வெளியே நிற்கிறார்.

மைதானத்தில் பி.டி. சாருக்கு போன் வருகிறது. தலைமையாசிரியராக இருக்க வேண்டும், குரல் இறங்கிவிட்டது. காதில் போனை அழுத்திக்கொண்டு வேப்பமரத்தடிப் பக்கம் நடக்கிறார். வலது ஓரத்துப் பையனுக்குப் பந்து வருகிறது. பழக்கத்தில் நிமிர்ந்து பார்க்கிறான், அங்கே ஆளில்லை. ஒரு கணம் முழிக்கிறான். பிறகு பந்தை முன்னால் தள்ளிவிட்டுத் துரத்துகிறான். கொஞ்சம் பலமாகத் தள்ளிவிட்டான், பந்து கோட்டைத் தாண்டிச் சுவரோரம் நிற்கும் சைக்கிள்களுக்கு நடுவில் போய் விழுகிறது. எதிரணிக்கு த்ரோ.